4294967297 முதன்மை எண்ணா? அது எந்தெந்த வகைகளில் சேரும்?

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். பதினோராம் தரத்தில் படிக்கும் உங்கள் மகளுக்குக் கணிதப் போட்டிப் பயிற்சியொன்றில் 4294967297 என்ற எண்ணைக் கொடுத்து, இது முதன்மை எண்ணா, இல்லையென்றால் இதன் காரணிகள் எவை, எந்தெந்த எண் வகைகளில் இதைச் சேர்க்கலாம் என்று கேட்டிருக்கிறார்கள். வெள்ளவத்தையில் உங்கள் வீட்டில் இருவருமாக உட்கார்ந்து, 100 வரையுள்ள முதன்மை எண்கள் எல்லாவற்றாலும் கல்குலேட்டரில் வகுத்துப் பார்த்திருக்கிறீர்கள். எதனாலும் மீதியின்றி வகுபடவில்லை என்பதால், "முதன்மை எண் என்று எழுதிவிடலாமா, வேறு என்ன பெயர்களை இதற்குச் சூட்டலாம்" என்று கேட்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒரு பெரிய எண்ணைப் பற்றி எந்தக் கட்டத்தில் உறுதியாகப் பேசலாம் என்பது ஒன்று. எண்களுக்குச் சூட்டப்படும் எத்தனையோ பெயர்களில் எவை அந்த எண்ணைப் பற்றி உண்மையில் எதையாவது சொல்கின்றன என்பது மற்றொன்று. இரண்டாவதை மாணவர்களோ பெற்றோரோ அதிகம் கேட்பதில்லை. அதனால்தான் இந்தப் பதில் சற்று நீண்டுவிட்டது.

விடையை முதலில் தருகிறேன். 4294967297 முதன்மை எண் அன்று. அது 641 ஐயும் 6700417 ஐயும் பெருக்க வருவது. நீங்கள் கையாண்ட முறையில் பிழை ஏதும் இல்லை. அதை இடையில் நிறுத்தியதுதான் போதாமல் போயிற்று. ஓர் எண் முதன்மை எண் என்று வகுத்துப் பார்த்தே முடிவு கட்டுவதானால் அதன் வர்க்கமூலம் வரையுள்ள எல்லா முதன்மை எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். இந்த எண்ணின் வர்க்கமூலம் 65536 ஐ விட மிக மிகச் சிறிதளவே கூடியது. 65536 வரை 6542 முதன்மை எண்கள் உள்ளன. 100 வரை இருப்பவை 25 மட்டுமே. 641 என்பது வரிசையில் 116 ஆவது முதன்மை எண். ஆகவே நீங்கள் நிறுத்திய இடத்திலிருந்து இன்னும் 91 வகுத்தல்கள் செய்திருந்தால் காரணி கையில் வந்திருக்கும். ஆனால் அது முன்கூட்டியே தெரியாது என்பதால், பெரும்பாலானோர் இடையில் கைவிடுவதில் வியப்பில்லை.

நான் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்து, கொழும்பில் பல ஆண்டுகளாக உயர்தர மாணவர்களுக்கு இணைந்த கணிதம் கற்பித்து வருபவன். எண் கோட்பாட்டில் ஆய்வு செய்பவன் அல்லன். ஆனால் இந்த ஓர் எண்ணைப் பொறுத்தவரை கீழே வரும் கணக்குகள் எல்லாவற்றையும் தாளில் போட்டுச் சரிபார்க்க முடியும். என் சொல்லை நம்பி ஏற்க வேண்டியதில்லை. மகளும் செய்து பார்க்கலாம்.

பயிற்சியாசிரியர் இந்த எண்ணைத் தற்செயலாகத் தெரிவு செய்திருக்க மாட்டார். 2 இன் 32 ஆம் வலுவுடன் 1 ஐக் கூட்டினால் வருவதுதான் இது. பிரெஞ்சு நாட்டுக் கணிதர் பியர் டி பெர்மா 1640 இல் ஒரு வரிசையைக் கவனித்தார். 2 இன் முதலாம் வலு, இரண்டாம் வலு, நான்காம் வலு, எட்டாம் வலு, பதினாறாம் வலு என்று சுட்டியை இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொன்றுடனும் 1 ஐக் கூட்டினால் 3, 5, 17, 257, 65537 என்று வருகிறது. இவை ஐந்தும் முதன்மை எண்கள். அடுத்தது 32 ஆம் வலுவைக் கொண்ட நம்முடைய எண். இந்த வரிசையில் வரும் எண்கள் எல்லாமே முதன்மை எண்களாக இருக்கும் என்று பெர்மா கருதினார். அதற்குத் தம்மிடம் நிறுவல் இல்லை என்றும் எழுதினார். இந்த வரிசையில் உள்ளவற்றைப் பெர்மா எண்கள் என்கிறோம். 3 ஐ வரிசையெண் 0 ஆகக் கொண்டு எண்ணுவது மரபு; அந்த மரபின்படி நம் எண்ணின் வரிசையெண் 5. மகள் விடைத்தாளில் எழுத வேண்டிய முதல் வகைப்பெயர் இதுதான், ஏனெனில் இந்த எண்ணின் மற்ற இயல்புகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்தே பிறக்கின்றன.

கோல்ட்பாக் என்ற கணிதர் 1729 இல் எழுதிய கடிதம் ஒன்றின் வழியாக இந்த ஊகம் கணிதர் லெயோனார்ட் ஒய்லரின் கவனத்துக்கு வந்தது. 1732 இல் ஒய்லர் 641 என்ற காரணியை அறிவித்தார். அவர் 116 முதன்மை எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டு போனாரா? அப்படிச் செய்யத் தேவையில்லை என்பதைப் பின்னர் தாமே நிறுவிக் காட்டினார். எண் கோட்பாட்டின் முறை எப்படிப்பட்டது என்பது இந்த ஒரு வாதத்திலேயே தெரிந்துவிடும் என்பதால் இதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

ஏதோவொரு முதன்மை எண் நம் எண்ணை மீதியின்றி வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்த முதன்மை எண்ணால் 2 இன் 32 ஆம் வலுவை வகுக்கும்போது மீதி −1 ஆக இருக்க வேண்டும், அதாவது 1 ஐக் கூட்டினால் சரியாக வகுபட வேண்டும். அதை வர்க்கித்தால் 64 ஆம் வலுவுக்கு மீதி 1. ஆகவே 2 இன் வலுக்களை ஒவ்வொன்றாக அந்த முதன்மை எண்ணால் வகுத்துக்கொண்டு போனால், முதன்முதலாக மீதி 1 வருவது சரியாக 64 ஆம் வலுவில்தான்; அதற்கு முன் வர முடியாது. ஏனென்றால் முதல் மீதி 1 வரும் சுட்டி 64 இன் காரணியாக இருக்க வேண்டும். அது 64 ஐ விடச் சிறியதானால் 32 ஐயும் வகுக்கும். அப்போது 32 ஆம் வலுவின் மீதி −1 ஆக இராமல் 1 ஆகிவிடும். இன்னொரு புறம், ஒரு முதன்மை எண்ணால் வகுபடாத எந்த எண்ணையும் அந்த முதன்மை எண்ணை விட ஒன்று குறைந்த சுட்டிக்கு உயர்த்தினால் மீதி 1 என்பது பெர்மாவின் சிறிய தேற்றம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், அந்த முதன்மை எண்ணிலிருந்து 1 ஐக் கழித்தால் வருவது 64 இன் மடங்காக இருந்தே தீர வேண்டும். அதாவது காரணியாகக்கூடிய முதன்மை எண்கள் 64 இன் மடங்குடன் 1 கூடியவை மட்டுமே. அந்த வடிவத்தில் சிறியவற்றிலிருந்து தொடங்கினால் 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641 என்று வரும். இவற்றில் முதன்மை எண்கள் 193, 257, 449, 577, 641 ஆகிய ஐந்துதான். ஐந்தாவது வகுத்தலில் காரணி கிடைத்துவிடுகிறது.

1878 இல் எடுவார்ட் லூக்கா இதை மேலும் கூர்மையாக்கினார். காரணிகள் 64 இன் மடங்குடன் மட்டுமல்ல, 128 இன் மடங்குடன் 1 கூடியவையாக இருக்க வேண்டும் என்று காட்டினார். அப்போது பட்டியல் 129, 257, 385, 513, 641 என்று குறுகிவிடுகிறது. அதில் முதன்மை எண்கள் 257 உம் 641 உம் மட்டுமே. 257 தானே ஒரு பெர்மா எண். எந்த இரண்டு பெர்மா எண்களுக்கும் 1 ஐத் தவிர வேறு பொதுக் காரணி கிடையாது என்பதால் அதுவும் போய்விடும். எஞ்சுவது 641. நீங்கள் இருவரும் 25 முறை வகுத்துக் காணாததை, இரண்டு தேற்றங்களைத் தெரிந்த ஒருவர் முதல் முயற்சியிலேயே காணலாம்.

641 வகுக்கிறது என்பதைச் சரிபார்க்கப் பத்து இலக்க எண்ணை நீள்வகுத்தல் செய்ய வேண்டியதில்லை. 2 இன் 16 ஆம் வலு 65536. அதை 641 ஆல் வகுத்தால் ஈவு 102, மீதி 154. 32 ஆம் வலுவின் மீதியைக் காண இந்த 154 ஐ வர்க்கித்தால் போதும். 154 × 154 = 23716. அதனுடன் 1 ஐக் கூட்டினால் 23717. அது சரியாக 37 × 641. ஆகவே 2 இன் 32 ஆம் வலுவுடன் 1 ஐக் கூட்டியது 641 ஆல் மீதியின்றி வகுபடுகிறது. கணக்கு முழுவதும் நான்கு வரிகளில் முடிந்துவிடும். இன்னும் நேர்த்தியான வழியை விரும்புபவர்களுக்கு: 641 என்பது 5 இன் நான்காம் வலுவும் 2 இன் நான்காம் வலுவும் சேர்ந்தது, அதாவது 625 + 16, அதேவேளை 5 × 128 + 1 உம் அதுவே. இந்த இரண்டு எழுத்துமுறைகளை மட்டும் வைத்து முழு நிறுவலையும் அமைக்கலாம். மகளுக்கு நல்லதொரு பயிற்சி என்பதால் அதை இங்கே விடுவிக்காமல் விடுகிறேன்.

பெரும்பாலானோர் இங்கேயே நின்றுவிடுவார்கள். ஆனால் "இதன் முதன்மைக் காரணிகள் 641, 6700417" என்று எழுதுபவர், 6700417 முதன்மை எண் என்பதையும் காட்டக் கடமைப்பட்டவர். 6700417 இன் வர்க்கமூலம் 2588 ஐ விடச் சற்றுக் கூடியது. சாதாரண வழியில் போனால் அதுவரையுள்ள எல்லா முதன்மை எண்களையும் முயல வேண்டும். ஆனால் 6700417 இன் எந்தக் காரணியும் நம் பெரிய எண்ணுக்கும் காரணிதானே? ஆகவே லூக்காவின் கட்டுப்பாடு அதற்கும் பொருந்தும். 128 இன் மடங்குடன் 1 கூடியவையும் 2588 ஐத் தாண்டாதவையுமான முதன்மை எண்கள் 257, 641, 769, 1153, 1409 மட்டுமே. 257 ஐ முன்பே நீக்கிவிட்டோம். மற்ற நான்கால் வகுத்தால் வரும் மீதிகள் முறையே 44, 120, 334, 622. ஒன்றும் பூச்சியம் இல்லை. ஆக, நான்கே நான்கு வகுத்தல்களில் ஓர் ஏழு இலக்க எண் முதன்மை எண் என்று ஐயத்துக்கு இடமின்றி நிறுவியாயிற்று. போட்டியில் இந்தப் பகுதியை எழுதும் மாணவருக்கு நானாக இருந்தால் மற்றவர்களை விடக் கூடுதல் புள்ளி கொடுப்பேன்.

இப்போது உறுதி என்பதற்கும் சான்று என்பதற்கும் உள்ள வேறுபாட்டுக்கு வருகிறேன். பெரிய எண் முதன்மையானதா என்று விரைவாகப் பார்க்க, மேலே சொன்ன சிறிய தேற்றத்தைத் திருப்பிப் பயன்படுத்துவது வழக்கம். 2 ஐ, அந்த எண்ணை விட ஒன்று குறைந்த சுட்டிக்கு உயர்த்தி, அந்த எண்ணாலேயே வகுத்து, மீதி 1 வருகிறதா என்று பார்ப்பார்கள். 1 வராவிட்டால் அது முதன்மை எண் அன்று என்பது உறுதி. 1 வந்தால் முதன்மை எண்ணாக இருக்கக்கூடும் என்பதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாது. நம் எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். 2 இன் 32 ஆம் வலுவுக்கு மீதி −1. 64 ஆம் வலுவுக்கு மீதி 1. எண்ணை விட ஒன்று குறைந்தது 2 இன் 32 ஆம் வலு, அது 64 இன் மடங்கு. ஆகவே சோதனையில் மீதி 1 வந்துவிடுகிறது. காரணிகளை உடைய ஓர் எண் முதன்மை எண்ணைப் போலத் தேர்ச்சி பெற்றுவிடுகிறது. இப்படிப்பட்டவற்றைப் போலி முதன்மை எண்கள் என்பார்கள். இரண்டை அடியாகக் கொண்ட போலி முதன்மை எண் என்பது இதற்குரிய இரண்டாவது முக்கியமான வகைப்பெயர். பெர்மா இந்தச் சோதனையைச் செய்து பார்த்துத்தான் ஏமாந்திருப்பார் என்று சொல்பவர்கள் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது ஊகமே. அதை வரலாறு என்று மகள் எழுதக் கூடாது.

பெர்மா எண்களுக்கென்றே ஏமாற்றாத சோதனை ஒன்றை 1877 இல் பெப்பான் தந்தார். அதில் 2 க்குப் பதிலாக 3 ஐ எடுத்து, எண்ணை விட ஒன்று குறைந்ததன் பாதிச் சுட்டிக்கு உயர்த்துகிறோம். மீதி −1 வந்தால் முதன்மை எண், வராவிட்டால் இல்லை, நடுவில் எந்த ஐயமும் கிடையாது. ஆனால் இந்தச் சோதனை காரணிகளைச் சொல்லித் தருவதில்லை. ஓர் எண்ணுக்குக் காரணி உண்டு என்று அறிவதும், அந்தக் காரணி எது என்று அறிவதும் இரண்டு வெவ்வேறு அறிவுகள் என்பதை என் மாணவர்களுக்கு எப்போதும் சொல்வேன். வரிசையெண் 7 உடைய பெர்மா எண்ணில் 39 இலக்கங்கள் உள்ளன. அது முதன்மை எண் அன்று என்பது பெப்பானின் சோதனையால் 1905 இல் தெரிந்துவிட்டது. அதன் காரணிகள் 1970 இல்தான் மொரிசன், பிரில்ஹார்ட் என்ற இருவரால் கணினி கொண்டு கண்டுபிடிக்கப்பட்டன. இடைப்பட்ட 65 ஆண்டுகள் அந்த எண் முதன்மை எண் அன்று என்று உலகம் அறிந்திருந்தது, அதன் ஒரு காரணியைக்கூட அறியாமல்.

காரணி தெரியாமலேயே காரணி உண்டென்று அறிய இன்னொரு வழியும் நம் எண்ணுக்கு உண்டு. எனக்கு மிகவும் பிடித்த வழி அது. 4294967297 ஐ இரண்டு வர்க்கங்களின் கூட்டாக எழுதுவது எளிது: 65536 இன் வர்க்கமும் 1 இன் வர்க்கமும். ஆனால் வேறொரு விதத்திலும் எழுத முடிகிறது. 62264 இன் வர்க்கம் 3876805696. 20449 இன் வர்க்கம் 418161601. இரண்டையும் கூட்டிப் பாருங்கள், அதே எண் வரும். ஒரு முதன்மை எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டாக எழுத முடிந்தால் ஒரே விதத்தில்தான் எழுத முடியும்; இரண்டு விதங்கள் இருந்தால் அது முதன்மை எண் அன்று. இதையும் ஒய்லர்தான் கருவியாக்கினார். அது மட்டுமல்ல, இந்த இரண்டு எழுத்துமுறைகளிலிருந்து காரணிகளையே எடுத்துவிடலாம். 65536 − 62264 = 3272; 20449 − 1 = 20448; இவ்விரண்டின் பொதுக் காரணிகளுட் பெரியது 8. 65536 + 62264 = 127800; 20449 + 1 = 20450; இவற்றின் பொதுக் காரணிகளுட் பெரியது 50. எட்டின் பாதி 4, ஐம்பதின் பாதி 25; இவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 16 + 625 = 641. முதலில் கண்ட 3272 ஐயும் 20448 ஐயும் 8 ஆல் வகுத்தால் 409 உம் 2556 உம்; அவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 6700417. ஒரு வகுத்தல் முயற்சிகூட இல்லாமல் இரண்டு காரணிகளும் வந்து நிற்கின்றன. இதில் கடினமான பகுதி அந்த இரண்டாவது எழுத்துமுறையைத் தேடிக் காண்பதுதான் என்பதையும் சொல்லியாக வேண்டும். அதற்குக் குறுக்குவழி இல்லை.

இனி, காரணிகள் தெரிந்த பின் தாமாக வந்து சேரும் வகைகள். இவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். இரண்டு முதன்மை எண்களின் பெருக்கம் என்பதால் இது இரு முதன்மைக் காரணி எண். எந்த முதன்மைக் காரணியும் இருமுறை வராததால் வர்க்கக் காரணி அற்ற எண். காரணிகள் மொத்தம் நான்கு: 1, 641, 6700417, எண் தானே. தன்னைத் தவிர்ந்த காரணிகளின் கூட்டுத்தொகை 6701059. எண்ணுடன் ஒப்பிட்டால் அது மிகச் சிறியது என்பதால் இது குறைவெண். 6, 28 போலக் கூட்டுத்தொகை எண்ணுக்குச் சமமானால் செவ்விய எண், கூடினால் மிகையெண். 4294967297 க்குக் கீழே, அதனுடன் 1 ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லாத எண்களின் எண்ணிக்கை 640 × 6700416, அதாவது 4288266240.

அயல் எண்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த இயல்புகளின் சுவை தெரியும். நம் எண்ணுக்கு இரண்டு படி கீழே 4294967295. முதல் ஐந்து பெர்மா எண்களையும், அதாவது 3, 5, 17, 257, 65537 ஐப் பெருக்கினால் சரியாக இதுவே வரும். இதற்கு 32 காரணிகள். அடுத்தது 4294967296, வெறும் 2 இன் வலு. இதற்கு 33 காரணிகள். அதற்கும் அடுத்தது நம் எண், நான்கே காரணிகள். அடுத்தடுத்து நிற்கும் மூன்று எண்கள் உள்ளமைப்பில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. கவராயத்தையும் நேர்விளிம்பையும் மட்டும் கொண்டு எந்த ஒழுங்கான பல்கோணிகளை வரையலாம் என்ற பழைய கேள்வியிலும் இந்த வேறுபாடு தெரிகிறது. 1796 இல் 17 பக்கங்கள் கொண்டதை வரைய முடியும் என்று கவுஸ் கண்டார். ஒற்றை எண்ணிக்கையில் பக்கங்கள் இருந்தால், அந்த எண்ணிக்கை வெவ்வேறு பெர்மா முதன்மை எண்களின் பெருக்கமாக இருக்கும்போது மட்டுமே வரைய முடியும் என்பதன் மறுபாதியை 1837 இல் வான்செல் நிறுவினார். அதன்படி 4294967295 பக்கங்கள் கொண்ட பல்கோணியைக் கொள்கையளவில் வரையலாம். ஒற்றை எண்களில் நாம் அறிந்தவற்றுள் மிகப் பெரியது அதுதான். 4294967297 பக்கங்கள் கொண்டதை வரைய முடியாது, ஏனெனில் 641 பெர்மா எண் அன்று.

மேலே சொன்னவை எல்லாம் எண்ணைப் பற்றியவை. அதை எந்த முறையில் எழுதினாலும் மாறாதவை. எண்ணை எழுதும் முறையைப் பற்றி மட்டும் பேசும் வகைகளும் உண்டு. அவற்றை நான் இரண்டாம் தரத்தில் வைப்பேன். நம் எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 59. மீண்டும் கூட்டினால் 14. மீண்டும் கூட்டினால் 5. கொழும்பில் வாகன இலக்கத்துக்கும் கடைப் பெயருக்கும் கூட்டெண் பார்ப்பவர்கள் பலர் இருப்பதால், மகளின் பட்டியலில் "கூட்டெண் 5" என்பதும் இடம்பெற்றிருப்பதாக நீங்கள் எழுதியிருந்தது எனக்கு வியப்பாக இல்லை. கணிதத்தில் அதற்கு ஒரேயொரு பொருள்தான்: இந்த எண்ணை 9 ஆல் வகுத்தால் மீதி 5. அதிலிருந்து 3 ஆலோ 9 ஆலோ வகுபடாது என்று சொல்லலாம். அதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாது. பத்தை அடியாகக் கொள்ளாமல் பதினாறை அடியாகக் கொண்டு எழுதினால் அந்தக் கூட்டெண்ணே மாறிவிடும். 0, 1 என்ற இரண்டு இலக்கங்களை மட்டும் கொண்ட துவித முறையில் எழுதினால் முதலில் ஒரு 1, நடுவே 31 பூச்சியங்கள், கடைசியில் ஒரு 1. இரு திசையிலும் ஒரே மாதிரி வாசிக்கலாம். இதுவும் எழுத்துமுறையைச் சார்ந்ததுதான் என்றாலும், இந்த எண் 2 இன் வலுவுக்கு அடுத்தது என்ற உண்மையை அப்படியே காட்டுவதால் இதை நான் பட்டியலில் விட்டுவைப்பேன்.

கணினி படிப்பவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு நடைமுறைப் பயனும் உண்டு. 32 துவித இலக்கங்களில் எழுதக்கூடிய மிகப் பெரிய முழு எண் 4294967295. இணையத்தின் பழைய முகவரி முறையில், அதாவது ஐபி நான்காம் பதிப்பில், இருக்கக்கூடிய முகவரிகள் 4294967296 மட்டுமே என்பதும் இதனால்தான். நம் எண் அந்த இடத்துக்குள் அடங்காது. 32 இலக்க இடத்தில் குறியில்லா எண்ணாக இதைச் சேமிக்க முயன்றால், முன்னால் உள்ள 1 விழுந்து, எஞ்சுவது வெறும் 1 ஆகத்தான் இருக்கும். நிரல் எழுதி இந்த எண்ணைக் காரணிப்படுத்த முயலும் மாணவர்கள் விசித்திரமான விடைகளைப் பெறுவதற்கு இது ஒரு காரணம். மகளும் நிரல் எழுதுவதாக இருந்தால் 64 இலக்க மாறியைப் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

தீராத விடயங்களையும் பிரித்துச் சொல்ல வேண்டும். பெர்மா முதன்மை எண்கள் என்று அறியப்பட்டவை இன்றும் அந்த முதல் ஐந்துதான். வரிசையெண் 5 முதல் 32 வரையுள்ளவை எல்லாம் முதன்மை எண்கள் அல்ல என்று நிறுவப்பட்டுள்ளன. ஆறாவதைக் கண்டவர் எவரும் இல்லை. ஆறாவது ஒன்று இல்லவே இல்லை என்று நிறுவியவரும் எவரும் இல்லை. இருக்காது என்பதே பெரும்பாலான கணிதர்களின் எதிர்பார்ப்பு, ஆனால் எதிர்பார்ப்பு தேற்றம் ஆகாது. பெர்மா எண்கள் அனைத்தும் வர்க்கக் காரணி அற்றவையா என்பதும் தீர்க்கப்படாத கேள்வி. நம் எண்ணுக்கு அது உண்மை என்பதை நேரடியாகக் கண்டோம், அவ்வளவுதான். பெரிய பெர்மா எண்களின் காரணிகளைக் கணினிகள் தொடர்ந்து தேடிக்கொண்டிருப்பதால் அந்தப் பட்டியல்கள் மாறக்கூடியவை. எந்தப் பட்டியலையும் அதன் ஆண்டைப் பார்த்தே நம்புங்கள். செரா கோல்பர்ன் என்ற அமெரிக்கச் சிறுவன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இந்த எண்ணின் காரணிகளைக் கேட்டபோது மனத்திலேயே கணக்கிட்டு 641, 6700417 என்று சொன்னதாக ஒரு செய்தி பரவலாக உண்டு. அவன் மனக்கணக்கில் வல்லவன் என்பது பதிவானது. இந்த விடையை எப்படி அடைந்தான் என்பதற்கு உறுதியான விளக்கம் இல்லாததால், நிறுவலுக்கு அது உதவாது.

ஆகவே விடைத்தாளில் நான் எழுதச் சொல்வது இந்த வரிசையில்: பெர்மா எண், வரிசையெண் 5; முதன்மை எண் அன்று, 154 × 154 + 1 = 37 × 641 என்பதே காரணம்; மற்றக் காரணி 6700417 முதன்மை எண், நான்கு மீதிகளே காரணம்; அதன் பின் இரு முதன்மைக் காரணி எண், வர்க்கக் காரணி அற்ற எண், குறைவெண், இரண்டை அடியாகக் கொண்ட போலி முதன்மை எண், இரண்டு விதங்களில் இரு வர்க்கங்களின் கூட்டு. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு வரியாவது காரணம் இருக்க வேண்டும். கூட்டெண்ணை எழுத விரும்பினால் "9 ஆல் வகுக்க மீதி 5" என்று எழுதட்டும்.

அவளுக்கு இது பிடித்திருந்தால் அடுத்த பெர்மா எண்ணையும் கொடுங்கள்: 2 இன் 64 ஆம் வலுவுடன் 1, அதாவது 18446744073709551617. கல்குலேட்டர் இதற்குப் போதாது, ஆனால் மேலே பார்த்த வழி போதும். இதன் காரணிகள் 256 இன் மடங்குடன் 1 கூடியவையாக இருக்க வேண்டும். 1880 இல் லாண்ட்ரி கண்ட சிறிய காரணி 274177, அது 256 × 1071 + 1. சரிபார்ப்பதற்கு, 2 இன் 32 ஆம் வலுவை 274177 ஆல் வகுத்தால் மீதி 258768 வருவதை முதலில் காணட்டும். அது 274177 க்கு 15409 குறைவு. எனவே அந்த மீதிக்குப் பதிலாக 15409 ஐ வர்க்கித்தால் போதும். 15409 × 15409 = 237437281. அதனுடன் 1 ஐக் கூட்டி 274177 ஆல் வகுத்தால் ஈவு 866, மீதி பூச்சியம்.